கதைப் பெண் மீதான வழக்கு

ஓய்வூதியம் பெறுபவர்களுக்குப் பகல் நீளமானது. அக்கா மகள் அனுப்பிவைத்த கைத்தொலைபேசியில் நான் ஒரு கெட்ட பழக்கம் பழகியிருக்கிறேன். இளவயதினருக்காக எழுதப்படும் நாவல்களைப் பற்றி அவற்றின் ரசிகர்கள் இணையத்தில் போடும் சண்டைகளை வாசிக்கிறேன். நாவல்களை வாசிப்பதில்லை, சண்டைகளை மட்டும். அநேகமான சண்டைகள் ஒரே மாதிரிப் பிள்ளையைப் பற்றியவை. வயது பதினைந்து, பதினாறு. கதையில் யாரோ அவளை அடிக்கிறார்கள், பூட்டிவைக்கிறார்கள், அல்லது அழகான ஒருவன் நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துகிறான். ரசிகர்கள் தீர விசாரித்து, அவள் அளவுக்கு மீறி அழுகிறாள் என்று முடிவுசெய்கிறார்கள். அழாவிட்டால் திமிர் பிடித்தவள். அழகானவனுக்கு மட்டும் எப்படியோ ஒரு துயரமான இளமைக்காலத்தைத் தேடிக் கொடுத்துவிடுகிறார்கள்.

இதைப் பார்த்து எனக்குக் கோபம் வருவதில்லை. கொஞ்சம் வெட்கம் வருகிறது, அதைவிட அதிகமாக அன்பு வருகிறது. இதே வேலையை நாங்கள் கண்டியில் இணையம் இல்லாத காலத்தில், கூட்டக் குறிப்பு எழுதி, முன்மொழிந்து வழிமொழிந்து, இவர்களைவிட ஒழுங்காகச் செய்தோம்.

அப்போது நான் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் இலிகிதராக இருந்தேன். வயது முப்பத்துமூன்று. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலில் வந்தவள். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் நான் வாடகைக்கு இருந்த வீடு எரிந்தபோது என் புத்தகங்களும் எரிந்தன. இழப்புப் படிவத்தில் புத்தகங்களுக்கு என்று நிரல் இல்லாதபடியால் ‘ஏனைய தளபாடங்கள்’ என்பதன் கீழ் எழுதினேன். பிறகு நகர நூலகத்தில் அங்கத்தவரானேன். அங்கே சனிக்கிழமைகளில் பத்துப் பதினொரு தமிழ்ப் பிள்ளைகள் அலுமாரிகளுக்கு நடுவில் நின்று ஒரு தொடர்கதையைப் பற்றிக் குசுகுசுப்பார்கள். நூலகர் நல்ல சிங்கள மனிதர். நாட்டு நிலைமை சரியில்லை, நின்று பேசுகிறவர்களைப் பார்த்தால் யாரும் எதையும் நினைப்பார்கள், பின்னறையில் இருந்து பேசுங்கள், ஆனால் பொறுப்புக்கு ஒரு பெரியவர் வேண்டும் என்று சொல்லி என்னைப் பார்த்தார். அப்படித்தான் வாசகர் வட்டம் உருவானது.

தலைவர் நான். வேறு யாருக்கும் கூட்டக் குறிப்பு எழுதத் தெரியாதபடியால் செயலாளரும் நான். பிள்ளைகள் கதை பேச வந்தார்கள். நான் அவர்களை வரவுப் பதிவு, முன்னைய கூட்டக் குறிப்பு, அதிலிருந்து எழும் விடயங்கள் என்று வரிசையாக நடத்தி, பதினொரு மணியளவில் கதைக்குள் விட்டேன். அவர்கள் இதைச் சகித்துக்கொண்டதை நினைத்தால் இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது.

கதை தமிழ்நாட்டு வார இதழ் ஒன்றில் வந்துகொண்டிருந்தது. தாய் தகப்பன் இல்லாத பதினைந்து வயதுப் பெண் மாமன் வீட்டில் வளர்கிறாள். மாமி சூடு வைக்கிறாள். பக்கத்து வீட்டில் ஒரு மருத்துவ மாணவன். தன் கைக்கடிகாரத்தை அவள் திருடிவிட்டாள் என்று நினைத்து மழையில் வாசலில் நிறுத்திவைக்கிறான். கடிகாரம் அவனுடைய சட்டைப் பையிலேயே கிடைக்கிறது. அடுத்த இதழ் வருவதற்குள் எங்கள் வட்டம் அவனை ஏகமனதாக மன்னித்துவிட்டது.

அவனுடைய கட்சிக்குத் தலைவி நகரத்தில் பாமசி, அதாவது மருந்துக்கடை, வைத்திருந்தவரின் மகள். இதழ் அவர்களுடைய கடைக்குத்தான் வரும். கதைக்குப் போட்டிருக்கும் படத்தை முதலில் பார்ப்பவள் அவள்.

“அவன் உள்ளுக்கு நல்லவன் மிஸ். காட்டத் தெரியாது, அவ்வளவுதான்” என்பாள்.

“உனக்கு அவன்ர மூக்குப் பிடிச்சிருக்கு. அதைச் சொல்லு” என்பாள் வங்கி மனேஜரின் மகள். எங்கள் ஊர்ப் பிள்ளை, நாக்கு ஊரைவிடக் கூர்மை. ஆனால் அவளும் நாயகியின் பக்கம் இல்லை. வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லத் தெரியாத மக்குக்கு நடக்கிறது சரிதான் என்பது அவளுடைய கட்சி.

நானும் சும்மா இருக்கவில்லை. அந்தப் பெண் ஏன் தலைமையாசிரியைக்கு ஒரு முறைப்பாடு எழுதிக் கொடுக்கவில்லை, பிரதி ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, என்று ஒரு சனிக்கிழமை உண்மையாகவே கேட்டேன். கூட்டக் குறிப்பில் இருக்கிறது.

இந்தச் சத்தத்துக்கு நடுவில் ஒரு பிள்ளை பேசாமல் இருப்பாள். ஹுன்னஸ்கிரியத் தோட்டத்துப் பிள்ளை. தகப்பன் அங்கே தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. தாய் இல்லை. படிப்பதற்காகக் கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் அத்தை வீட்டில், தகப்பனுடைய அக்கா வீட்டில், விடப்பட்டிருந்தாள். சனிக்கிழமை சந்தைக்கு என்று அனுப்புவார்கள். மரக்கறிப் பையைக் காலுக்கு இடையில் வைத்துக்கொண்டு, கதிரையின் நுனியில், பதினொன்றரை பஸ்ஸைக் கணக்குப் போட்டபடி இருப்பாள். கையெழுத்து அச்சுப் போல இருக்கும் என்பதால் வரவுப் பதிவை அவளிடம் கொடுத்திருந்தேன். அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அது போதும் என்றும் நினைத்திருந்தேன்.

பிறகு நாடு மேலும் கெட்டது. வடக்கில் யுத்தம், தெற்கில் வேறொரு கிளர்ச்சி. கிளர்ச்சிக்காரர் கடைகளை மூடச் சொல்லித் துண்டுக் கடதாசி ஒட்டுவார்கள், மூடினால் திறக்கச் சொல்லித் துப்பாக்கியோடு ஆமி வரும். மகாவலி ஆற்றில் என்ன மிதந்து போகிறது என்று பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. பிள்ளைகளும் தங்களுக்குத் தெரியும் என்று பெற்றோருக்குச் சொல்லவில்லை. தபால் நின்று, இதழ் வராமல் போனது.

நாயகியை மாடிப்படியில் நிறுத்திவிட்டு இதழ் போய்விட்டதால் பிள்ளைகளுக்குத் தாங்கவில்லை. மிச்சக் கதையை நாங்களே எழுதுவோம் என்று பாமசிக்காரரின் மகள் முன்மொழிந்தாள். நான் விதிகள் வகுத்தேன். ஆளுக்கு ஓர் அத்தியாயம், நான்கு பக்கம், ஒரே கொப்பியில். பதினெட்டு வயதுக்கு முன் கல்யாணம் கூடாது. மூல ஆசிரியரின் பாத்திரம் யாரையாவது கொல்வதானால் மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும்.

முதல் அத்தியாயத்தில் நாயகி மாடிப்படியில் உருண்டு விழுந்தாள், மருத்துவ மாணவன் தூக்கினான். இரண்டாவதில் அவளுக்கு நெருப்புக் காய்ச்சல், அவன் நெற்றியில் ஈரத்துணி போட்டான். மூன்றாவதில் பாம்பு. நாலாவதில் மாமி அவளுடைய நீளமான கூந்தலை வெட்டிவிட, அவன் அதைக் கையில் ஏந்தி அழுதான். அவன் ஒருமுறை தொட வேண்டும் என்பதற்காக அவளுக்கு ஒவ்வொரு வாரமும் ஓர் எலும்பு முறிந்தது. மாமி நாற்பது அத்தியாயத்தில் செய்யாததை எங்கள் வட்டம் நாலு சனிக்கிழமையில் செய்து முடித்தது. எல்லாம் அவள்மேல் வைத்த அன்பினால்தான். வெளியே அவ்வளவு பயம் இருந்தபோது, எந்த அடிக்குப் பிறகும் கட்டாயம் ஒருவன் ஓடிவருவான் என்று எழுதுவது அந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று எனக்கு இப்போது விளங்குகிறது.

ஐந்தாவது அத்தியாயம் ஹுன்னஸ்கிரியப் பிள்ளையின் முறை. அதில் ஒன்றும் நடக்கவில்லை. மாமன் குடும்பம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விடுகிறது. அந்தப் பெண் கதவை உள்ளே தாழ்ப்பாள் போடுகிறாள். தேத்தண்ணி ஊற்றிச் சூடாகவே குடிக்கிறாள். தலை முழுகுகிறாள். திரும்ப வந்து தாழ்ப்பாளைப் பார்க்கிறாள். பாய் போட்டுப் பின்னேரம் நாலு மணி வரைக்கும் தூங்குகிறாள். எழும்பி, தாழ்ப்பாள் போட்டபடியே இருக்கிறதா என்று பார்க்கிறாள். அத்தியாயம் முடிந்தது.

“மருத்துவ மாணவன் எங்க?” என்று பாமசிக்காரரின் மகள் கேட்டாள்.

“அவரு வரல” என்றாள் இவள்.

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் கொப்பியை வாங்கி, ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு எழுதினேன். ‘தாழ்ப்பாள் மூன்று இடங்களில் வருகிறது. ஒரு முறை போதும்.’

வருட முடிவில் எங்கள் வட்டம் ஒரு வழக்காடு மன்றம் வைத்தது. இந்தப் பழக்கத்தைத் தமிழ் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. கோயில் திருவிழாவிலும் பாடசாலை விழாவிலும் காப்பியப் பாத்திரம் ஒன்றைக் கூண்டில் ஏற்றி, ஒருவர் குற்றம் சாட்ட, ஒருவர் மறுக்க, நடுவர் தீர்ப்புச் சொல்வார். யாரையும் ஏற்றலாம் என்றாலும் கூண்டில் ஏறியவர்கள் அநேகமாகப் பெண்களாகத்தான் இருப்பார்கள். நாங்களும் மழையில் நிறுத்தியவனை விட்டுவிட்டு, நின்றவளை ஏற்றினோம். ‘வாய் திறவாமையால் தன் துன்பத்துக்குத் தானே காரணமானாள்’ என்பது குற்றச்சாட்டு. குற்றம் சாட்டுபவர் வங்கி மனேஜரின் மகள். மறுப்பவரைச் சீட்டுக் குலுக்கி எடுத்தோம். ஹுன்னஸ்கிரியப் பிள்ளையின் பெயர் வந்தது. வேறு சீட்டு எடுப்போமா என்று யாரோ கேட்டார்கள். சீட்டு சீட்டுத்தான் என்றேன்.

வங்கி மனேஜரின் மகள் வெளுத்து வாங்கினாள். மாமன் நல்லவன், சொல்லியிருந்தால் கேட்டிருப்பான். தலைமையாசிரியை இரண்டு தரம் என்ன காயம் என்று கேட்டாள், இவள் விழுந்துவிட்டேன் என்றாள். பொய் சொன்னவளுக்கு எப்படி உதவுவது? பாமசிக்காரரின் மகள் சாட்சியாக வந்து, இவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததால்தான் அந்த நல்ல பையனுக்குக் கோபம் வந்தது என்றாள். ஒரே கைதட்டல்.

ஹுன்னஸ்கிரியப் பிள்ளை மரக்கறிப் பையைக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பினாள். கையில் குறிப்பு ஒன்றும் இல்லை.

“ஒரு சந்தேகம் மிஸ். இந்தக் கேஸ்ல முறைப்பாடு குடுத்தது யாருங்க?”

நான் குற்றப் பத்திரத்தைப் பார்த்தேன். பதினொரு வருட சேவையில் முறைப்பாட்டுக்காரர் இல்லாத ஒரு காகிதக் கோவையை நான் மேலே அனுப்பியதில்லை. இது நானே தயாரித்தது. வாசகர்கள்தான் என்று வைத்துக்கொள்வோம் என்றேன்.

“அப்ப நாமதான்” என்றாள். “அவ யாரு மேலயும் முறைப்பாடு குடுக்கல. நாம அவ மேல குடுத்திருக்கோம்.”

அவள் பாமசிக்காரரின் மகளைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. கடையில் ஒரு சாமானின் விலை கேட்பது போலப் பார்த்தாள்.

“சொல்லலாம்தான். ஆனா யாருகிட்ட சொன்னாலும் மொதல்ல கேக்கிறது, ஏன் இவ்வளவு நாளா சொல்லலன்னுதான். அதுக்கும் சேத்துல்ல பதில் வச்சிருக்கணும்.”

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள். நுனியில் உட்கார்ந்து பஸ் நேரம் பார்த்தாள்.

வங்கி மனேஜரின் மகள் தன் குறிப்புக் கடதாசியை நாலாக, எட்டாக மடித்துக்கொண்டிருந்தாள். பாமசிக்காரரின் மகளுக்குத்தான் முதலில் பேச்சு வந்தது. வழக்கை வாபஸ் வாங்கும்படி முன்மொழிகிறேன் என்றாள். எனக்குப் பழக்க தோஷம். வாபஸ் பெறக்கூடியவர் குற்றம் சாட்டியவர் மட்டுமே என்றேன்.

“வாங்கிறன்” என்றாள் வங்கி மனேஜரின் மகள்.

“அப்ப நான் வழிமொழியுறன்” என்றாள் மற்றவள்.

வாபஸுக்கு வழிமொழிதல் தேவையில்லை. இருந்தாலும் குறிப்பில் எழுதினேன். கூட்டம் கலைந்தபோது அந்த இரண்டு பிள்ளைகளும் மரக்கறிப் பையை ஆளுக்கு ஒரு காதாகப் பிடித்துக்கொண்டு அவளைப் பஸ் நிலையம் வரை கொண்டுபோனார்கள். அவர்கள் கேட்டார்களா, அவள் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. யன்னலால் பார்த்த அளவில் மூன்று பேரும் மூக்கைப் பற்றித்தான் ஏதோ சிரித்துக்கொண்டு போனார்கள்.

அன்று பின்னேரம் குறிப்பு எழுதுவதற்காகக் கொப்பியைத் திறந்தபோது ஐந்தாவது அத்தியாயம் கண்ணில் பட்டது. மூன்று முறை தாழ்ப்பாள். ஓரத்தில் என் பென்சில் எழுத்து. கச்சேரியில் ஆயிரம் மனுக்களை வாசித்தவள் நான். ஒரு மனு என் கையில் தரப்பட்டிருக்கிறது, நான் அதில் சொல் மிகை பார்த்திருக்கிறேன். அழிறப்பர் எடுத்து அழித்தேன். தடம் போகவில்லை.

சாதாரணதரப் பரீட்சைப் பெறுபேறு வந்தது. அவள் நன்றாகச் சித்தியடைந்திருந்தாள். அத்தை இனிப் படிப்புப் போதும், வீட்டோடு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாராம். இந்தச் செய்தியைக் கொண்டுவந்தவள் வங்கி மனேஜரின் மகள். கச்சேரி நடையில் சீருடையோடு நின்று, தங்கள் பாடசாலையில் உயர்தர வகுப்பு இருக்கிறது, விடுதியும் இருக்கிறது, என்னென்ன வேண்டும் சொல்லுங்கோ மிஸ் என்றாள். நானாக யோசிக்கவில்லை என்பதை இங்கே பதிந்துவைக்கிறேன்.

என்ன வேண்டும் என்று எனக்கா தெரியாது? விண்ணப்பம், பழைய பாடசாலையின் விடுகைப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், தந்தையின் கையெழுத்து, கண்டியில் பொறுப்பாளர் ஒருவர். அடுத்த சனிக்கிழமை பின்னறையில் அவளிடம் படிவத்தைக் கொடுத்தேன். அச்சுப் போன்ற அந்தக் கையெழுத்து ஒவ்வொரு கூடாக நிரப்பிக்கொண்டு போய், ‘விடுதி வசதி கோருவதற்கான காரணம்’ என்ற இடத்தில் நின்றது. மூன்று வரி இடம் விட்டிருந்தார்கள். பஸ் நேரம் போய்க்கொண்டிருந்தது.

என்ன நடந்தது என்று நான் கேட்டிருக்கலாம். கேட்பதற்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவள் அந்த மூன்று வரியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தபோது, இரண்டும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன என்று தெரிந்தது.

படிவத்தை வாங்கி விதிகளைப் புரட்டினேன். தந்தை உயிரோடு இருக்கும்போது பிள்ளையின் நிரந்தர வதிவிடம் தந்தையின் வதிவிடமே. அத்தை வீடு விதியின் கண்ணில் இல்லவே இல்லை. ‘நிரந்தர வதிவிடம் ஹுன்னஸ்கிரிய. தினமும் வந்துபோக முடியாத தூரம்’ என்று எழுதினேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை.

“இவ்வளவுதானா மிஸ்?” என்றாள்.

“இவ்வளவுதான் கேட்டிருக்கினம்” என்றேன்.

தகப்பன் வருவதாகச் சொன்ன நாளில் பஸ் ஓடவில்லை. தேயிலை லொறியில் பாதி வழியும் நடந்து மீதியுமாகக் கச்சேரிக்கு வந்து சேர்ந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கதிரை காட்டியும் உட்காராமல், படிவத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். வாசித்தேன்.

“அக்கா வீட்ல ஏதும் மனத்தாங்கலுங்களா?”

“தூரம் எண்டு போட்டிருக்கு” என்றேன்.

அவர் ராத்திரிச் சாப்பாடு தருவார்களா என்று மட்டும் கேட்டார். தருவார்கள் என்றேன். பெயரை எழுத்துக் கூட்டி எழுதிக் கையெழுத்திட்டார். பொறுப்பாளர் என்ற இடத்தில் நான் என் பெயரை எழுதினேன். மிஞ்சியது இரண்டு மூலப் பத்திரங்கள். விடுகைப் பத்திரமும் பிறப்புச் சான்றிதழும் அத்தையின் அலுமாரியில் இருந்தன. அவை இல்லாமல் எந்தப் பாடசாலையும் பிள்ளையை எடுக்காது. அக்காவுக்குச் சொல்லிவிட்டுப் போகிறேன் என்று தகப்பன் போனார்.

மூன்றாம் நாள் காலை அத்தையே வந்தார். நல்ல சேலை, கைப்பை, நடந்து வந்த களைப்பு. நான் எதிர்பார்த்த அளவுக்கு அவர் பெரியவராக இல்லை. என்னைவிடக் குள்ளம். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்து, பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“எங்களப் பத்தி என்னங்க சொன்னா அவ?”

“ஒண்டும் சொல்லேல்லை.”

“ஒண்ணும் சொல்லாமயா நீங்க பொறுப்பாளரா கையெழுத்துப் போட்டீங்க? எங்க தம்பி மக. நாங்க இருக்கோம்ல?”

“அவ சொல்லவும் இல்லை, நான் கேக்கவும் இல்லை” என்றேன். என் சேவைக்காலத்தில் கூச்சமில்லாமல் சொல்லக்கூடிய உண்மைகள் எப்போதாவதுதான் கிடைத்தன. அது அவற்றில் ஒன்று.

விண்ணப்பத்தின் பிரதியை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தேன். விரலை வைத்து வரி வரியாக வாசித்தார். காரணம் எழுதிய இடத்துக்கு வந்ததும் விரல் நின்றது. இரண்டு முறை வாசித்தார். மறுபக்கத்தைத் திருப்பினார். அங்கேயும் ஒன்றும் இல்லை. அவர் அந்தக் காகிதத்தில் தன்னைத் தேடினார். தன்னையும், தன் புருஷனையும், வீட்டையும். எங்கேயும் காணவில்லை. அவருடைய தோள்கள் இறங்கியதைப் பார்த்தேன். அது நிம்மதியா வேறேதாவதா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

இந்தச் சம்பவத்தை நான் சொன்ன எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, அந்த வீட்டில் அப்படி என்னதான் நடந்தது என்பது. எனக்குத் தெரியாது. அவள் பிறகு படித்தாள், வேலைக்குப் போனாள், தன் பிள்ளைகளோடு என்னைப் பார்க்க வருவாள், நாங்கள் எல்லாவற்றையும் பற்றிப் பேசுவோம். அதை அவள் சொல்லவில்லை. அத்தை தண்டனை இல்லாமல் தப்பிவிட்டாரே என்று நல்ல வாசகர்கள் வருத்தப்படுகிறார்கள். நியாயம்தான். ஆனால் அன்று பத்திரங்கள் அவருடைய கைப்பையில் இருந்தன.

அவர் பிரதியைத் திருப்பித் தந்துவிட்டு, விடுதிக்கு என்னென்ன கொடுத்துவிட வேண்டும் என்று கேட்டார். பட்டியலை வாசித்தேன். மெத்தை ஒன்று, விரிப்பு இரண்டு, வாளி, தட்டு, கோப்பை.

“தட்டு எவர்சில்வரா இருக்கணுங்களா?”

விதியில் அப்படி இல்லை என்றேன்.

“எவர்சில்வரே குடுத்து விடுறேன். எந்த வீட்டுப் புள்ளன்னு பாப்பாங்கல்ல.”

பிறகு பையைத் திறந்து, பொலித்தீன் உறையில் போட்டிருந்த இரண்டு பத்திரங்களையும் எடுத்து என் மேசையில் வைத்தார். மடிப்புக் குலையாமல் பத்திரமாக வைத்திருந்தார், அதையும் சொல்ல வேண்டும். பெற்றுக்கொண்டதாக ஒரு துண்டு எழுதிக் கொடுத்தேன். அவற்றை ஒப்படைக்க வேண்டிய பாடசாலைக் கந்தோரைப் பன்னிரண்டு மணிக்கு மூடிவிடுவார்கள். அத்தை வாசலைத் தாண்டும் வரை பொறுத்திருந்து, அரைநாள் லீவு எழுதிவைத்துவிட்டு ஓடினேன்.